எம்.பி. மக்களவையில் பேசிவிட்டார், அதற்கப்புறம் என்ன ஆகும்?

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் வேண்டும் என்று உங்கள் எம்.பி. இரண்டு வருடத்துக்கு முன் மக்களவையில் பேசினார், அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது, இன்றுவரை ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. அதே வீடியோவில் அவருக்கு முன்னால் ஒருவர் வெங்காய விலையையும் பின்னால் ஒருவர் விமான நிலையத்தையும் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தார்கள். "இதையெல்லாம் அங்கே யாராவது கேட்கிறார்களா, இல்லை கேமராவுக்காகத்தான் பேசுகிறார்களா?" என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு உறுப்பினர் எழுந்து பேசினால் பதில் சொல்லும் கடமை யாருக்காவது இருக்கிறதா என்பது ஒன்று. அப்படிக் கடமை இருந்தும் பதில் வரவில்லை என்றால், அல்லது உப்புச்சப்பில்லாத பதில் வந்தால், யார் என்ன செய்ய முடியும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விதிப்புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. இரண்டாவதுக்கு என் அனுபவத்தைத்தான் சொல்ல முடியும்.

நான் பதினோரு வருடம் டெல்லியில் இரண்டு எம்.பி.க்களிடம் அடுத்தடுத்து உதவியாளராக இருந்தவன். கட்சி எது, யார் என்பது வேண்டாம், இங்கே அது அவசியமும் இல்லை. என் வேலையில் பெரும்பகுதி கேள்வி எழுதுவது, நோட்டீஸ் கொடுப்பது, வந்த பதிலைப் படித்து அதில் என்ன இல்லை என்று கண்டுபிடிப்பது. இரண்டு பேருமே மக்களவை உறுப்பினர்கள். அதனால் கீழே சொல்வது பெரும்பாலும் மக்களவை நடைமுறை. மாநிலங்களவையில் நேரமும் எண்ணிக்கையும் கொஞ்சம் மாறும்.

உங்கள் எம்.பி. எந்த வாசல் வழியாக உள்ளே போனார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்கிற வீடியோ, ஆளுக்கு ஒரு விஷயம், ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு நிமிடம், பேசி முடித்ததும் சபாநாயகர் அடுத்த பெயரைக் கூப்பிடுவது என்று இருந்தால், அது பெரும்பாலும் பூஜ்ய நேரமாகத்தான் இருக்கும். நம் சட்டமன்றத்தில் நேரமில்லா நேரம் என்போம். மக்களவையில் 11 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கும், அது முடிந்து 12 மணிக்கு இது. வேடிக்கை என்னவென்றால் நாடு முழுக்கத் தெரிந்த இந்தப் பெயர் மக்களவையின் நடைமுறை விதிகளில் எங்கேயும் கிடையாது. 1960களின் தொடக்கத்தில் வழக்கமாக வந்து ஒட்டிக்கொண்ட ஏற்பாடு. பேச விரும்புகிறவர் அன்று காலை 10 மணிக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குலுக்கலில் பெயர் வர வேண்டும். சபாநாயகர் மனது வைத்தால் பட்டியலில் பின்னால் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு கிடைக்கும். 2019 ஜூலை 18 அன்று 161 பேர் பேசினார்கள். 2025 ஏப்ரல் 3 அன்று 202 பேர், ஐந்து மணி நேரத்துக்கு மேல். மக்களவை வரலாற்றிலேயே ஒரே நாளில் இவ்வளவு பேர் பூஜ்ய நேரத்தில் பேசியது கிடையாது என்று அப்போது பெருமையாகச் சொன்னார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் 202 ஊர்க் கவலையை ஒரே மூச்சில் கேட்கிற அவை அதில் எத்தனைக்கு அங்கேயே பதில் சொல்லும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பூஜ்ய நேரத்தில் எழுப்பியதற்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சம்பந்தப்பட்ட அமைச்சர் அப்போது அவையில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சில சமயம் இருப்பார், தலையசைப்பார், விஷயம் சூடாக இருந்தால் இரண்டு வாக்கியம் சொல்வார். மற்றபடி நாடாளுமன்ற விவகார அமைச்சகத்தில் ஒரு பிரிவு அன்றைய அவைக்குறிப்பிலிருந்து இந்த விஷயங்களைப் பிரித்தெடுத்து அந்தந்த அமைச்சகத்துக்கு அனுப்பிவைக்கும். அங்கே யாரோ ஒரு அதிகாரியின் மேசைக்கு அது போகும். எங்களுக்குப் பதில் கடிதம் வந்ததும் உண்டு, வராமலே போனதும் உண்டு. ஆகவே உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு நேரடியான பதில்: கேட்கிறார்கள், குறித்துக்கொள்கிறார்கள், அதற்கு மேல் அந்த வாசலில் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

இங்கே ஒரு சின்ன விஷயம், வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தமிழில் பேசலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டால் மொழிபெயர்ப்பாளர் உடனுக்குடன் சொல்லிக்கொண்டே வருவார். ஆனால் கொடுத்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் நம் ஆள் மூச்சுவிடாமல் ஊர்ப்பெயர், கேட் எண், நெடுஞ்சாலை எண் எல்லாவற்றையும் அடுக்கும்போது எண்கள்தான் முதலில் உதிரும். டெல்லியில் இருக்கும் அதிகாரி படிப்பது அவைக்குறிப்பில் வரும் ஆங்கில மொழிபெயர்ப்பை. அதில் "என் தொகுதியில் உள்ள ஒரு ரயில்வே கேட்" என்று மட்டும் இருந்தால் அவர் எதைத் தேடுவார்? அதனால் பேச்சுத் தாளின் ஒரு நகலை மொழிபெயர்ப்பாளரிடம் முன்னாலேயே கொடுத்துவிடுவதை நான் வழக்கமாக வைத்திருந்தேன். எம்.பி. பாதியில் உணர்ச்சிவசப்பட்டுத் தாளை விட்டு வேறு எங்கோ போய்விடுவார், அது வேறு கதை.

இதற்குப் பக்கத்து வாசல் விதி 377. வெளியில் யாருக்கும் இதைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது, வீடியோவும் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். 250 வார்த்தைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு உறுப்பினருக்கு வாரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு 20 என்ற அளவில் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பங்கு. அனுமதித்த வாசகத்தை அப்படியே வாசிக்க வேண்டும், ஒரு வரி கூட்ட முடியாது. அவையில் அமளி என்றால் வாசிக்கவே வேண்டாம், அவையில் வைத்ததாகக் கொள்ளப்படும். சப்பென்று இருக்கிறதல்லவா? ஆனால் இதற்கு அமைச்சர் உறுப்பினருக்குக் கடிதம் எழுத வேண்டும், ஒரு மாதத்துக்குள் எழுத வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தாமதமாகும், ஆனால் வரும். அமைச்சர் கையெழுத்துப் போட்ட கடிதம். பூஜ்ய நேரமா 377ஆ என்று என்னைக் கேட்டால், வீடியோ வேண்டுமென்றால் முன்னது, காகிதம் வேண்டுமென்றால் பின்னது என்பேன். மாநிலங்களவையில் இதே வேலையைச் சிறப்புக் குறிப்பு என்ற பெயரில் செய்கிறார்கள்.

மூன்றாவது வாசல் கேள்வி. என் பதினோரு வருடத்தில் எட்டு வருடமாவது இதில்தான் போயிருக்கும், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ். அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்துக் கிழமைக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள், ரயில்வேக்கு மக்களவையில் இப்போது புதன்கிழமை. ஒரு உறுப்பினர் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 5 நோட்டீஸ். குலுக்கலில் தேறினால் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு வாய்மொழிப் பதிலுக்குப் போகும், 230 கேள்விகள் நட்சத்திரம் இல்லாமல் எழுத்துப் பதிலுக்குப் போகும். அந்த 20இலும் ஒரு மணி நேரத்துக்குள் நான்கைந்துதான் எட்டும். அமளி நாளில் ஒன்றுகூடக் கிடையாது. எட்டாதவற்றுக்கும் எழுத்துப் பதில் அவையில் வைக்கப்பட்டுவிடும்.

நட்சத்திரக் கேள்வியின் மதிப்பு அச்சிட்ட பதிலில் இல்லை, துணைக் கேள்வியில் இருக்கிறது. கேட்டவருக்கு இரண்டு, சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களுக்கும். அமைச்சர் அதை முன்கூட்டிப் பார்த்திருக்க மாட்டார். அதனால் அமைச்சகம் என்ன கேட்டாலும் சமாளிக்க ஒரு தடிமனான குறிப்புக் கட்டு தயாரிக்கும். அந்தக் கட்டுக்காக ரயில்வே வாரியத்திலிருந்து மண்டலத் தலைமையகத்துக்கு, அங்கிருந்து கோட்ட அலுவலகத்துக்குப் போன் பறக்கும், யாராவது ஒரு பொறியாளர் அந்த வாரம் பழைய கோப்பைத் தூசிதட்டி எடுத்தாக வேண்டும். அன்று அவையில் அந்தக் கேள்வி எட்டவில்லை என்றாலும் கோப்பு எழுந்து நின்றுவிட்டது. பதில் சொல்லும்போது அதிகாரிகள் தங்கள் மாடத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதி அமைச்சருக்கு அனுப்பிக்கொண்டிருப்பதை நேரில் பார்த்தால், இந்த அவை யாரை வேலை வாங்குகிறது என்று புரியும்.

சரி, கேள்வி எப்படி எழுத வேண்டும் என்பதற்கு வருகிறேன். கேள்வி 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும், கருத்துக் கேட்கக் கூடாது, நீதிமன்றத்தில் இருப்பதைக் கேட்கக் கூடாது, மத்திய அரசின் பொறுப்பில் இல்லாததைக் கேட்கக் கூடாது. இதெல்லாம் விதி. விதிக்குள்ளேயே இருந்து வீணாய்ப் போகும் கேள்விகள் ஏராளம். "அந்த ஊரில் மேம்பாலம் இல்லாமல் மக்கள் அவதிப்படுவது அரசுக்குத் தெரியுமா, தெரியுமெனில் எடுத்த நடவடிக்கை என்ன?" என்று எழுதினால் வரும் பதிலை நான் தூக்கத்திலும் சொல்வேன். மேம்பாலம், சுரங்கப்பாலம் கட்டுவது இந்திய ரயில்வேயின் தொடர்ச்சியான, இயங்கிக்கொண்டே இருக்கும் செயல்முறை, ரயில் இயக்கத்தில் பாதுகாப்பு, போக்குவரத்து அளவு, சாத்தியம் ஆகியவற்றைப் பொறுத்து முன்னுரிமை தரப்படுகிறது. அவ்வளவுதான். ஒரு பொய்யும் இல்லை, ஒரு தகவலும் இல்லை. பதில் எழுதுகிற அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன், அவதி தெரியுமா என்று கேட்டால் அவர் வேறு என்ன எழுதுவார்?

அதையே இப்படிக் கேட்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணுள்ள அந்த லெவல் கிராசிங்கில் கடைசியாகக் கணக்கெடுத்த டி.வி.யூ. எவ்வளவு, எந்த மாதம் எடுத்தது? மேம்பாலத்துக்கான பொது அமைப்பு வரைபடம் மாநில அரசுக்கு அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில்? ஒப்புதல் வந்ததா? செலவுப் பகிர்வுக்கு மாநிலத்தின் சம்மதம் கிடைத்ததா? டி.வி.யூ. என்பது ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, கடக்கும் சாலை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது. அது ஒரு லட்சத்தைத் தாண்டினால் ரயில்வேயும் மாநிலமும் பாதிப் பாதி செலவு ஏற்கும் திட்டத்துக்குத் தகுதி வரும் என்பது நெடுநாளைய அளவுகோல். தண்டவாளத்துக்கு மேலே இருக்கும் பகுதியைப் பொதுவாக ரயில்வே கட்டும், இரண்டு பக்கமும் இறங்கும் அணுகுசாலையை மாநிலம் கட்டும், அதற்கு நிலம் எடுப்பதும் மாநிலம். சில இடங்களில் ரயில்வே முழுச் செலவையும் ஏற்பதும் நடக்கிறது. இப்படித் தேதியும் எண்ணும் கேட்டால் "தொடர்ச்சியான செயல்முறை" என்று ஒதுங்க இடம் இருக்காது. "இல்லை" என்று வந்தாலும் அது பயனுள்ள "இல்லை".

கேள்வியின் வாசகம் பதிலை எவ்வளவு மாற்றும் என்பதற்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கக்கூடிய ஒரு உதாரணம் சொல்கிறேன். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள், எழுத்துப் பதில் மட்டும் இருந்தது. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டதற்கு, செப்டம்பர் 14 அன்று தொழிலாளர் அமைச்சகம் அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது. இழப்பீடு பற்றிய அடுத்த பகுதிக்கு, அதனால் கேள்வி எழவில்லை என்றது. நாடே கொதித்தது. அதே வாரத்தில் மாநிலங்களவையில் ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது இறந்தவர்கள் எத்தனை பேர் என்று ரயில்வேயைக் கேட்டபோது, செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று எண் வந்தது. வழியில் இறந்தவர்கள் அத்தனை பேரும் அந்த 97க்குள் அடங்கிவிட மாட்டார்கள், அது வேறு. ஆனால் இல்லை என்று சொன்ன அரசிடமிருந்தே, எந்தக் கதவைத் தட்டுவது, எந்த அளவுக்குக் கேள்வியைக் குறுக்குவது என்று தெரிந்தவர் ஓர் எண்ணை வாங்கிவிட்டார்.

என் சொந்த அனுபவம் ஒன்று. காவிரி டெல்டாவில் ஒரு ஊர், கேட்டுக்கு இந்தப் பக்கம் பஸ் நிலையம், அந்தப் பக்கம் அரசு மருத்துவமனை. உங்கள் ஊர் மாதிரியேதான். எம்.பி. பூஜ்ய நேரத்தில் ஒரு முறை பேசினார், ஆம்புலன்ஸ் கேட்டில் நின்றதை உருக்கமாகச் சொன்னார், எனக்கே கண் கலங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் நட்சத்திரம் இல்லாத கேள்வி போட்டோம், நான்கு பகுதி, மேலே சொன்ன மாதிரி. பதில் வந்த அன்று மாலை நார்த் அவென்யூ வீட்டு மாடியில் உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது பகுதியில் ஒரே வரி: வரைபடம் இன்ன தேதியில் மாநில அரசுக்கு அனுப்பப்பட்டது, ஒப்புதல் எதிர்பார்க்கப்படுகிறது. அந்தத் தேதி பதினான்கு மாதம் பழையது. நாங்கள் டெல்லியில் ஆம்புலன்ஸ் கதை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் காகிதம் நம் மாநிலத்தில் ஒரு அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எம்.பி. அந்தப் பதிலின் நகலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார், மாவட்டத்தில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் அதை மேசைமேல் வைத்தார். அணுகுசாலை எந்தத் தெரு வழியாக இறங்குவது என்பதில் கடைக்காரர்களோடு தகராறு, அதனால் யாரும் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார்கள் என்பது அங்கேதான் தெரிந்தது. அதற்கப்புறம் வேலை தொடங்க நான்கு வருடம் ஆனது.

அந்தக் கேள்வியால்தான் பாலம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதே காலத்தில் சட்டமன்ற உறுப்பினரும் அலைந்தார், வணிகர் சங்கத்தோடு இரண்டு முறை பேச்சுவார்த்தை நடந்தது, ஒரு தேர்தலும் வந்தது. இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது, அப்படிப் பிரித்துக் காட்டுகிற எந்த எம்.பி.யின் துண்டுப்பிரசுரத்தையும் நம்பாதீர்கள். எங்கே தடை என்று எங்களுக்குத் தெரிந்தது கேள்வியால். அது மட்டும் உறுதி.

அரசு ஏதாவது வாக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால்? இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது, எம்.பி.க்களிலேயே பலர் கண்டுகொள்வதில்லை. அரசு உறுதிமொழிக் குழு. மக்களவையில் 1953 முதல் இருக்கிறது, நம் சட்டமன்றத்திலும் இதே பெயரில் ஒன்று உண்டு, அவ்வப்போது மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்குப் போவதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அமைச்சர் அவையில் "பரிசீலனையில் உள்ளது", "விசாரித்துச் சொல்கிறேன்", "தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்ற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். எந்தெந்தச் சொற்றொடர் ஏறும் என்பதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும், கைவிடுவதென்றாலும் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். பல வருடம் இழுத்தடித்த உறுதிமொழிகள் உண்டு, ஆனால் கணக்கிலிருந்து தானாக மறைந்துவிடாது. அதிகாரிகளுக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடம், அதனால் பட்டியலில் சிக்காத வாசகமாகத் தேடி எழுதுவார்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு பதிலில் கண்டால் எங்கள் அறையில் டீ சொல்லுவோம், அவ்வளவு அரிது.

எம்.பி.யே அசையவில்லை என்றால் மனுக்கள் குழு இருக்கிறது. மக்களவைக் குழுவில் 15 உறுப்பினர்கள், அமைச்சர்கள் இருக்க முடியாது. பொதுநலன் சார்ந்த விஷயம் எதற்கும் மக்கள் நேரடியாக அவைக்கு மனு எழுதலாம். உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட்டு அவையில் தருவது முறையான வழி. தமிழில் எழுதினால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பை மனுதாரர் கையெழுத்தோடு இணைக்க வேண்டும். மனு என்ற வடிவத்தில் இல்லாத கோரிக்கைக் கடிதங்களையும் குழு எடுத்துக்கொள்வதுண்டு. நீதிமன்றத்தில் இருப்பது, வேறு வழியில் தீர்வு கிடைக்கக்கூடிய தனிநபர் குறை இதெல்லாம் தள்ளுபடி ஆகும். ஒரு ஊருக்கே பொதுவான கேட் விவகாரத்துக்கு வாய்ப்பு உண்டு, மெதுவாக நகரும்.

"கேமராவுக்குத்தானே" என்ற உங்கள் சந்தேகத்துக்கும் ஒரு வார்த்தை. கேமராவுக்காகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைவிட மோசமும் நடந்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்க ஒப்புக்கொண்டதாக ரகசியக் கேமராவில் சிக்கிய 11 எம்.பி.க்களை 2005 டிசம்பரில் இரண்டு அவைகளும் வெளியேற்றின, 10 பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை. கேள்விக்கு விலை வைத்தார்கள் என்றால் கேள்விக்கு மதிப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம், எங்கள் ஆபீஸில் அப்போது ஓடிய கசப்பான ஜோக் அது. மறுபக்கம், முந்த்ரா விவகாரம். 1957இல் எல்.ஐ.சி. பணம் சுமார் 1.24 கோடி ரூபாய் முந்த்ரா என்ற ஒரு தனி முதலாளியின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது பற்றி மக்களவையில் கேள்வி வந்தது. முதலில் வந்த பதில்கள் யாருக்கும் திருப்தி தரவில்லை. ஆளுங்கட்சி வரிசையிலிருந்தே ஃபெரோஸ் காந்தி விடாமல் பிடித்தார், நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இரண்டும் ஒரே அவைதான். உங்கள் ஊர் கேட்டுக்காக எந்த அமைச்சரும் ராஜினாமா செய்யப் போவதில்லை, ஆனால் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்கிற பழக்கம் மட்டும் இங்கேயும் அதேதான்.

இனி உங்கள் விஷயம். வீடியோவில் எம்.பி. பேசிய தேதியைக் கண்டுபிடியுங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் தேதி வாரியாக அவைக்குறிப்பு இருக்கிறது, அதில் உங்கள் ஊர்ப்பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதே தளத்தில் கேள்வி பதில்களை உறுப்பினர் பெயராலும் அமைச்சகத்தாலும் தேடலாம். வேறொரு எம்.பி. கேட்ட கேள்விக்கு வந்த பதிலின் பின்னிணைப்பில் உங்கள் கேட் ஒரு வரியாகக் கிடக்கலாம், எனக்கு அப்படி இரண்டு முறை கிடைத்திருக்கிறது. ரயில்வேயின் வருடாந்தரப் பணிகள் பட்டியல், பிங்க் புக் என்பார்கள், அதிலும் தெற்கு ரயில்வே பகுதியைப் பாருங்கள். பெயர் இருந்தால் மட்டும் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம், எதிரே எவ்வளவு தொகை என்று பாருங்கள். தமிழ்நாட்டின் சில புதிய ரயில் பாதைகளுக்கு வெறும் 1,000 ரூபாய் ஒதுக்கி உயிரோடு மட்டும் வைத்திருந்த கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அப்புறம் எம்.பி. அலுவலகத்துக்குப் போய் அல்லது எழுதி, அந்தப் பேச்சுக்குப் பதில் கடிதம் வந்ததா, வந்திருந்தால் நகல் வேண்டும் என்று கேளுங்கள். சண்டை போடாமல் கேளுங்கள், பல சமயம் கடிதம் வந்து ஏதாவது கோப்பில் கிடக்கும், எம்.பி.க்கே தெரியாது. தரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ரயில்வேயிடமே கேட்கலாம். பதில் வரவே இல்லை என்று தெரிந்தால், வரும் கூட்டத்தொடரில் நான்கு பகுதியாக நட்சத்திரமில்லாத கேள்வி ஒன்று போடச் சொல்லுங்கள், வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். நன்றாக எழுதிய வாசகம் கையில் கிடைத்தால் உதவியாளர்கள் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள், இது என் அனுபவம். கூட்டத்தொடர் தேதி அறிவித்த அன்றே கொடுத்துவிடுங்கள், 15 நாள் கணக்கு ஞாபகம் இருக்கட்டும்.

எழுதும் முன் ஒரு வேலை. கேட்கீப்பர் அறைச் சுவரிலோ கேட் பக்கத்துப் பலகையிலோ லெவல் கிராசிங் எண் பெயிண்டில் எழுதியிருக்கும், எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவில் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் இரண்டு கேட் இருந்தால் தப்பான கேட்டுக்குப் பதில் வாங்கிவிடுவீர்கள். நாங்கள் ஒரு முறை வாங்கியிருக்கிறோம்.